விஞ்ஞானமும் பொருளுதவியும்
ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. ஒருவர் எங்குப் பிறந்தார், யாரிடம் பயின்றார், எந்த ஆண்டில் எதனைக் கண்டார் என்பன விரிவாகக் கூறப்படுகின்றன. அவர் அதனைக் காணும்வரை உணவும் உறையுளும் கருவியும் அவர்க்கு அளித்தோர் யாவர், எந்நிபந்தனையின்பேரில் அளித்தனர் என்பன அடிக்குறிப்பில் ஒதுங்கி விடுகின்றன. எனினும், எந்த வினா ஆராயப்படும், எது ஆராயப்படாது போகும் என்பதனை ஆராய்வோனின் அறிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பணப்பையின் வாயைத் திறப்போனும் உடனிருந்து தீர்மானிக்கின்றான்.

ஆராய்ச்சி என்பது விடை தெரியாத வினாவின் பின்னே செல்லுதலாகும். விடை முன்னரே தெரியுமாயின் அதனைப் பயிற்சி எனலாமேயன்றி ஆராய்ச்சி எனல் பொருந்தாது. பொருள் கொடுப்போனோ, தான் கொடுக்கும் பொருளால் விளையும் பயன் யாதென முற்கூட்டியே அறிய விழைகின்றான். இவ்விழைவு குற்றமுடையதன்று. பிறர் பொருளைக் காப்பவன் கணக்குக் கேட்டே ஆகவேண்டும். ஆயின், முடிவு தெரியாத முயற்சிக்கு முடிவைக் கூறென்று கேட்கும்போது, துணிவுள்ள வினாக்கள் பின்தங்கித் துணிவற்ற வினாக்கள் முன்வருகின்றன. இவ்விடர்ப்பாட்டினை ஐரோப்பியரும் அமெரிக்கரும் கடந்த முந்நூறு ஆண்டுகளாக எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது ஆராயத்தக்கது.

புரவலரும் கழகங்களும்

முற்காலத்தில் விஞ்ஞானியும் புலவனைப் போன்று புரவலரை நாடியே வாழ்ந்தான். 1610 ஆம் ஆண்டிலே கலிலியோ வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டு, அவற்றுக்கு மெடிசி குடும்பத்தின் பெயரைச் சூட்டினார். அவ்வாண்டிலேயே தஸ்கனி அரசவையின் கணிதப் புலவராகவும் தத்துவ ஞானியாகவும் அமர்த்தப்பட்டார். இம்முறையிலே ஒருவரை மகிழ்வித்தாற் போதும். ஆயின் அவ்வொருவரின் மகிழ்ச்சி நீங்கின் எல்லாம் நீங்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருவேறு கழகங்கள் தோன்றின. 1660 இல் இலண்டனிற் தோன்றிய றோயல் கழகத்திற்கு அரசன் பட்டயம் அளித்தானேயன்றிப் பொருள் அளித்திலன். உறுப்பினர் வாரமொரு சிலிங் தந்து கழகத்தை நடத்த உடன்பட்டனர். 1666 இற் பாரிசில் நிறுவப்பட்ட கழகத்தின் உறுப்பினர்க்கோ பிரெஞ்சு அரசன் ஊதியம் வழங்கினான். அரசின் தேவைகளையும் அவர்களே கவனிக்க வேண்டியிருந்தது. ஓரிடத்திற் சுதந்திரம் இருந்தது, பொருளில்லை. மற்றோரிடத்திற் பொருள் இருந்தது, கடமையும் அதனுடன் வந்தது. பிற்காலத்தெழுந்த எல்லாப் பொருளுதவி முறைகளும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைத் தேடியவையே எனலாம்.

நெடுங்கோட்டுப் பரிசு

1707 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திற் சேர் கிளவுட்ஸ்லி சவல் என்னும் கடற்படைத் தளபதியின் கப்பல்கள் நான்கு சில்லித் தீவுகளருகே பாறைகளில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். கடலில் அகலக்கோட்டைச் சூரியனின் உயரங்கொண்டு அளக்கலாம்; நெடுங்கோட்டை அளக்க நம்பத்தக்க வழி அந்நாளில் இருந்ததில்லை. 1714 இற் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, நெடுங்கோட்டை அரைப் பாகைக்குட் கணிக்கும் வழியைக் காண்பார்க்கு 20,000 பவுண் பரிசளிப்பதாக அறிவித்தது. நாற்பது கலைக்குட் கணிப்பார்க்கு 15,000 பவுணும், ஒரு பாகைக்குட் கணிப்பார்க்கு 10,000 பவுணும் குறிக்கப்பட்டன.

பரிசு முறையின் சிறப்பு, விண்ணப்பஞ் செய்வோன் யாவன் என்று அது கேட்பதில்லை என்பதே. பட்டமும் பதவியும் இல்லாதவனும் முயலலாம். யோன் ஹரிசன் அத்தகையவர். லிங்கன்சயர் மாகாணத்துச் சிற்றூரொன்றில் வாழ்ந்த தச்சர் அவர். மணிக்கூடு செய்யும் கலையைத் தாமாகவே கற்றவர். ஆறு வாரக் கடற்பயணத்தில் அரைப் பாகைக்கு மேற் பிழை நேராதிருக்க வேண்டுமெனின் மணிக்கூடு நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று செக்கனுக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது. அலையில் ஆடும் கப்பலில், வெப்பமும் குளிரும் மாறிவரும் கடலில், அத்தகைய கருவி இயங்குமென்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினாரல்லர். விடை விண்மீன்களிடத்தேதான் உளதென்பது அவர்தம் துணிபு.

பரிசு முறையின் குறைபாடும் ஹரிசன் வாழ்க்கையிலேயே புலனாகின்றது. பரிசு இறுதியிலேதான் வரும். முயற்சிக்கான செலவோ முதலிலேயே வேண்டும். அவர்க்கு முதலில் உதவியவர் இலண்டன் மணிக்கூட்டு வினைஞர் யோர்ஜ் கிரகாம். அவர் வட்டியின்றிக் கடன் கொடுத்தார். 1735 இல் முதற் கருவி முற்றுப்பெற்றது. மறு ஆண்டு லிஸ்பனுக்குக் கொண்டுசென்று சோதிக்கப்பட்டது. 1737 இல் நெடுங்கோட்டுச் சபையார் அடுத்த கருவிக்கென 500 பவுண் வழங்க உடன்பட்டனர். பரிசளிப்பதற்கென அமைந்த சபை இவ்வாறு முயற்சிக்கே பொருளுதவும் சபையாகவும் மாறிற்று. மூன்றாவது கருவியைச் செய்து திருத்துவதில் ஹரிசன் 19 ஆண்டுகளைச் செலவிட்டார். அது வேண்டிய பயனை அளிக்கவில்லை. ஆயினும், அதனைச் செய்கையிற் பெற்ற அறிவைக்கொண்டு 1759 இல் நான்காவதாகப் பெரிய சட்டைப்பை மணிக்கூடு போன்ற கருவியொன்றைச் செய்தார். 1761 ஆம் ஆண்டு தொடங்கிய யமெய்க்காப் பயணத்தில் அது ஏறத்தாழ ஐந்து செக்கனே பிந்தியது.

எனினும், முழுப் பரிசையும் சபையார் உடனே அளித்திலர். தற்செயலாக நேர்ந்த வெற்றியாகலாம் என ஐயுற்று இரண்டாம் பயணம் வேண்டினர். பின்னர்க் கருவியின் இரகசியத்தை வெளியிடல் வேண்டுமென்றனர். பிறரும் அதனைச் செய்ய இயலுமென்று நிறுவுக என்றனர். சபையில் அமர்ந்தோருட் பலர் வானியலறிஞர். சந்திரன் வழியாக நெடுங்கோட்டைக் கணிக்கும் போட்டி முறையில் ஈடுபாடுடையோர். 1773 இல் மன்னரின் ஆதரவும் பாராளுமன்றத்தின் தலையீடும் வாய்த்த பின்னரே ஹரிசனுக்கு 8,750 பவுண் இறுதியாகக் கிடைத்தது. அப்பொழுது அவர்க்கு வயது 80. சபையார் முற்றும் தீயோரல்லர். ஒருவர் மட்டும் செய்யக்கூடிய கருவியாற் கடற்படைக்குப் பயனில்லை என்ற அவர் வாதத்தில் நியாயமுண்டு. ஆயின், புதுமையை மதிப்பிடும் உரிமை பழைய வழியில் வல்லுநராயினோர் கையில் இருக்கும்போது விளையும் சிக்கல் இங்கே முதன்முதலாகத் தெளிவுறக் காணப்படுகின்றது.

விதியும் விலக்கும்

இச்சிக்கல் வேறொரு வடிவிற் சென்னையிலும் தோன்றிற்று. ஈரோட்டிற் பிறந்த சீனிவாச இராமானுசன் கணிதமொழிந்த ஏனைப் பாடங்களிற் கருத்தின்றிப் பல்கலைக்கழகத் தேர்வில் தவறியவர். சில காலம் இராமச்சந்திர ராவ் என்னும் அரசாங்க அதிகாரி மாதம் 25 ரூபா தந்து அவரைப் பேணினார். 1912 இற் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்திற்கு இராமானுசன் எழுதுவினைஞராயினார். 1913 சனவரியில் அவர் கேம்பிறிட்ஜ் அறிஞர் ஹாடிக்குக் கடிதம் எழுதினார். அதே காலத்தில் வானிலைத் துறைத் தலைவர் கில்பேட் வோக்கரும் அவர் குறிப்புக்களைக் கண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார்.

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவிப்பணம் முதுமாணிப் பட்டம் பெற்றோர்க்கே உரியது; இராமானுசனோ இளமாணிப் பட்டமும் இல்லாதவர். விதியை நோக்கின் விண்ணப்பம் தள்ளத்தக்கது. எனினும் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவினர், ஆராய்ச்சியை வளர்த்தலும் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதனைக் கருத்திற்கொண்டு, 1913 மே மாதம் முதல் இரண்டாண்டுக்கு மாதம் 75 ரூபா வழங்கத் தீர்மானித்தனர். மும்மாதத்துக்கொரு முறை அறிக்கை தருதலே அவர்க்கு விதிக்கப்பட்ட கடமை. மறு ஆண்டு மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918 இல் றோயல் கழகத்தின் உறுப்பினராயினார். விதியைக் காத்திருப்பின் சென்னைப் பல்கலைக்கழகத்தார்மீது அன்று எவரும் குறை கூறியிரார். இத்தகைய தவறுகள் வெளித்தோன்றாமையே அவற்றின் கொடுமை என்க.

25 பவுண்

பெனிசிலின் வரலாற்றினை யாவரும் அறிவர். 1928 இல் அலெக்சாந்தர் பிளெமிங் தம் ஆய்வுத் தட்டொன்றிற் படிந்த பூஞ்சணம் பற்றீரியாக்களை அழித்திருத்தலைக் கண்டார். மறு ஆண்டு அதனை வெளியிட்டார். அதன்பின் பத்தாண்டு வரை அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து மருந்தாக்கும் முயற்சி நிறைவேறவில்லை. ஒக்ஸ்போட்டில் ஹவாட் புளோரியும், ஜேர்மனியிலிருந்து 1933 இல் அகதியாக வந்த ஏர்ணஸ்ற் செயினும் அம்முயற்சியை மேற்கொண்டமையே பிற்கால வெற்றிக்கு வித்தாயிற்று.

1939 செப்தெம்பரில், போர் மூண்ட சில நாட்களுள், புளோரி மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் செயலாளரான எட்வேட் மெலன்பிக்கு எழுதிப் பணம் வேண்டினார். முதலிற் கிடைத்தது 25 பவுண். போர்க்காலத்தில், பத்தாண்டு பழைமையான பூஞ்சணச் சாற்றிற்கு அதற்குமேல் யார் தருவர்? பின்பு நவெம்பரிற் புளோரி அமெரிக்க றொக்பெல்லர் நிறுவகத்தை நாடினார். அவ்விண்ணப்பம் நோயைத் தீர்ப்பதாக வாக்களிக்கவில்லை. நுண்ணுயிர்கள் இயற்கையில் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களின் உயிர்இரசாயனத்தை ஆராய்வதாகவே கூறிற்று. 1932 முதல் அந்நிறுவகத்தின் இயற்கை விஞ்ஞானப் பிரிவை நடத்திவந்த வோறன் வீவர், இரசாயனமும் பௌதிகமும் உயிரியலோடு சேருமிடத்திற் பெரும் பயன் விளையும் என்னும் நம்பிக்கையுடையவர். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 டொலர், ஓராண்டுக்கு மட்டுமன்றிப் பல ஆண்டுகளுக்கு, அளிக்கப்பட்டது. பணத்தின் அளவினும் அதன் கால எல்லையே ஆராய்ச்சியாளர்க்கு மிகுந்த நன்மை செய்தது.

1940 மே மாதம் 25 ஆந் தேதி எட்டு எலிகளுக்குக் கொடிய பற்றீரியா ஏற்றப்பட்டது. நான்கிற்குப் பெனிசிலின் கொடுக்கப்பட்டது. மருந்து பெறாத நான்கும் பொழுது புலருமுன் இறந்தன. மருந்து பெற்ற நான்கும் காலையில் உயிரோடிருந்தன. ஆயின் மனிதனுக்கு வேண்டிய மருந்தின் அளவு எலிக்கு வேண்டியதினும் பன்மடங்கு பெரிது. நோர்மன் ஹீற்லி என்னும் உதவியாளர் வைத்தியசாலைப் படுக்கைச் சட்டிகளிற் பூஞ்சணம் வளர்த்தார். பின்னர் அவற்றை யொத்த மட்பாண்டங்களைச் செய்வித்தார். 1941 பெப்ரவரியில், முகத்திற் புண்கண்டு உடலெங்கும் நஞ்சு பரவிச் சாகுந்தறுவாயிலிருந்த காவலரொருவர்க்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, பசியுமெடுத்தது. ஐந்து நாளில் மருந்து தீர்ந்துவிட்டது. அவர் சிறுநீரிலிருந்து பெனிசிலினை மீட்டெடுத்து மீண்டும் ஏற்றியும் போதவில்லை. நோய் திரும்பிற்று, மார்ச்சில் அவர் இறந்தார்.

அவ்வாண்டு யூலையிற் புளோரியும் ஹீற்லியும் றொக்பெல்லர் நிறுவகத்தின் செலவிலேயே அமெரிக்கா சென்றனர். இலினோய் மாநிலத்துப் பியோரியா நகர் ஆய்வுகூடத்திற் சோளக் கழிநீரைக்கொண்டு விளைச்சலைப் பெருக்கும் வழி காணப்பட்டது. 1944 யூனில் நோமண்டிக் கரையில் இறங்கிய படைகளுக்கு வேண்டிய பெனிசிலின் கைவசமிருந்தது. 1945 இற் பிளெமிங், புளோரி, செயின் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

இருபத்திரண்டு ஆண்டுப் பொறுமை

மெலன்பியை இவ்வொரு நிகழ்ச்சியால் மட்டும் மதிப்பிடுதல் தகாது. வியன்னாவிலிருந்து 1936 இற் கேம்பிறிட்ஜ் வந்த மாக்ஸ் பெறூற்ஸ் என்னும் இளைஞர், 1937 இற் குருதியிலுள்ள ஈமோகுளோபின் மூலக்கூற்றின் அமைப்பை எக்ஸ் கதிர்களாற் காணத் தொடங்கினார். அக்காலத்தில் அம்முறையாற் கண்டறியப்பட்டவை சில பத்து அணுக்களைக்கொண்ட மூலக்கூறுகளே. ஈமோகுளோபினிலோ ஏறத்தாழப் பத்தாயிரம் அணுக்கள் உள. இயலாத காரியம் என்பதே பொதுக் கருத்து. 1939 முதல் இவரையும் தாங்கியது றொக்பெல்லர் நிறுவகமே. 1940 இல் அந்நிய நாட்டவர் என்று தடுத்து வைக்கப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட பெறூற்ஸ் மறு ஆண்டு திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

1947 இற் கவெண்டிஷ் ஆய்வுகூடத் தலைவர் லோறன்ஸ் பிராக்கின் வேண்டுகோளின்படி, மெலன்பியைச் செயலாளராகக் கொண்ட அதே மருத்துவ ஆராய்ச்சிச் சபை பெறூற்சுக்கும் யோன் கென்ட்றூவுக்கும் ஓர் ஆய்வுப் பிரிவை அமைத்துக் கொடுத்தது. மருத்துவத்துக்கு அதனால் வரும் பயன் எதனையும் அன்று எவராலும் கூற முடிந்திலது. பதினான்கு ஆண்டு உழைப்பின்பின், 1951 இல், அப்பிரிவிற் புதிதாகச் சேர்ந்த மாணவரான பிரான்சிஸ் கிறிக், பெறூற்ஸ் வகுத்த மாதிரி தவறானதென எடுத்துக்காட்டினார். மூன்றாண்டுக்கொரு முறை முடிவுகளை எண்ணிப் பணமளிக்கும் முறை அங்கே இருந்திருப்பின் ஆராய்ச்சி அவ்வாண்டோடு நின்றிருக்கும். அவ்வாறு நிற்கவில்லை. 1953 இற் பெறூற்ஸ் பாதரச அணுக்களை மூலக்கூற்றிற் பொருத்திச் சிக்கலை அவிழ்க்கும் வழியைக் கண்டார். அவ்வாண்டிலேயே, அப்பிரிவின் நிழலிற் கிறிக்கும் யேம்ஸ் உவாற்சனும் பரம்பரை அலகின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டனர். ஈமோகுளோபினின் அமைப்பு 1959 இற் புலப்பட்டது. தொடக்கத்திலிருந்து எண்ணின் ஆண்டுகள் 22. 1962 இற் பெறூற்ஸ், கென்ட்றூ இருவரும் இரசாயனத்துக்கும், கிறிக், உவாற்சன், மோறிஸ் வில்கின்ஸ் மூவரும் மருத்துவத்துக்குமாக நோபெல் பரிசு பெற்றனர்.

அரசின் கருவூலமும் அறிஞர் குழுக்களும்

இரண்டாம் உலகப்போர் பொருளுதவியின் போக்கையே மாற்றிற்று. அமெரிக்கப் போர்க்கால ஆராய்ச்சியை நடத்திய வன்னெவர் புஷ், 1945 யூலையிற் சனாதிபதி துறூமனுக்கு அளித்த அறிக்கையில், அடிப்படை ஆராய்ச்சியை வளர்த்தல் அரசின் பொறுப்பு என்றும், ஆராய்வோரின் சுதந்திரம் காக்கப்படவேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1950 இல் தேசிய விஞ்ஞான நிறுவகம் தோன்றிற்று. தேசிய சுகாதார நிறுவகங்களின் மானியங்களும் போரின்பின் விரைவாகப் பெருகின. ஆராய்வோன் தன் திட்டத்தை எழுதியனுப்புவான். அத்துறை வல்லுநர் கூடி மதிப்பெண் இடுவர். உயர்ந்த மதிப்பெண் பெற்ற திட்டத்துக்குச் சில ஆண்டுகளுக்குப் பணங் கிடைக்கும்.

இம்முறை விளைத்த நன்மை பெரிது. தனியொரு செல்வரின் விருப்பு வெறுப்பிலிருந்து ஆராய்ச்சி விடுபட்டது. செல்வாக்கற்ற கல்லூரியிலிருப்போனும் தன் திட்டத்தின் தகுதியால் உதவிபெற வழி பிறந்தது. செல்லும் வழி தெரிந்த பெருவினைகளுக்கும் திட்டமிட்ட அரச உதவி ஏற்றதே. 1990 இல் தொடங்கி 2003 இல் நிறைவெய்திய மானிடப் பரம்பரை அலகுத் தொகுதித் திட்டம் இதற்குச் சான்று.

அரசே ஒரேயொரு கதவாகி, அக்கதவிலும் ஒரேயொரு கொள்கை காவல் நின்றால் நேர்வதற்குச் சோவியத் நாட்டு வரலாறு எச்சரிக்கையாகும். அங்கே ஸ்டாலினின் ஆதரவு பெற்ற லைசென்கோவின் கொள்கை 1948 இல் உயிரியலின் அரச கொள்கையாயிற்று. பரம்பரையியலாளர் பதவி இழந்தனர். அத்துறையின் மாபெரும் அறிஞராகிய நிக்கொலாய் வவிலோவ் அதற்கு முன்பே, 1943 இற் சிறையில் மாண்டார். அங்கே பொருளுக்குக் குறைவிருந்ததில்லை. இரண்டாவது கதவு இல்லாமையே கேடாயிற்று.

அமெரிக்க முறையின் குறைபாடு இத்துணைக் கொடியதன்று, மெல்ல வளர்ந்தது. விண்ணப்பங்கள் பெருகப் பெருகப் பணம் போதாதாயிற்று. 2010 ஐ அடுத்த ஆண்டுகளிலே தேசிய சுகாதார நிறுவகங்களை நாடிய விண்ணப்பங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே உதவிபெற்றது. இந்நெருக்கடியிற் குழுவினரின் சராசரி மதிப்பெண்ணே முடிவைத் தீர்க்கின்றது. நால்வர் வியந்து போற்றி ஒருவர் வன்மையாக மறுக்கும் திட்டம், ஐவரும் குறை காணாத திட்டத்துக்குத் தோற்கின்றது. புதுமையானதோ யாராவது ஒருவரால் மறுக்கப்படும் இயல்பினது. ஆதலின் விண்ணப்பிப்போர் முன்னரே பாதி செய்து முடித்த வேலையைத் திட்டமாக எழுதும் பழக்கம் பரவிற்று. முதன்முதலாகத் தனித்த மானியம் பெறுவோரின் சராசரி வயது 1980 அளவில் 36 ஆக இருந்தது. பிற்காலத்தில் அது 42 ஐத் தாண்டிற்று. துணிவு மிகுந்த வயது காத்திருப்பிற் கழிகின்றது.

கற்றலின் கரிக்கோவின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. ஹங்கேரியிற் பிறந்து 1985 இல் அமெரிக்கா சென்ற இவர், உடலின் கலங்களுக்குப் புரதம் செய்யும் கட்டளையை ஏந்திச் செல்லும் தூது ஆர்.என்.ஏ. என்னும் பொருளை மருந்தாகப் பயன்படுத்தலாம் என நம்பினார். அது விரைவிற் சிதைவது. உடலிற் செலுத்தினால் அழற்சியை உண்டாக்குவது. மானிய விண்ணப்பங்கள் மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டன. 1995 இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பதவி தாழ்த்தப்பட்டார். தம்மை நம்பிய சக ஆராய்ச்சியாளரின் ஆய்வுகூடங்களில் ஒதுங்கி வேலையைத் தொடர்ந்தார். 1997 இல் துறூ வைஸ்மன் என்னும் எதிர்ப்பாற்றலியல் அறிஞரின் நட்பு வாய்த்தது. தூது ஆர்.என்.ஏ. இன் ஒரு கூற்றைச் சிறிது மாற்றின் அழற்சி தணியும் என்னும் முடிவை இருவரும் 2005 இல் வெளியிட்டனர். அப்போதும் உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2013 இல் அவர் ஜேர்மனியிலுள்ள பயோன்ரெக் கம்பனியிற் சேர்ந்தார். 2020 இற் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, அக்கம்பனியின் தடுப்பூசியும் மொடேணாக் கம்பனியின் தடுப்பூசியும் அம்மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டே ஓராண்டுக்குள் உருவாயின. 2023 இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

கரிக்கோ விடாது நின்றமையால் அவர் கதை தெரிகின்றது. அதே ஆண்டுகளில் அதே காரணத்தால் வேறு தொழிலுக்குச் சென்றவர் எத்தனை பேர், அவர்கள் விட்டுச்சென்ற வினாக்கள் எவை என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை. பயனற்ற திட்டத்துக்குக் கொடுத்த பணம் கணக்கேட்டில் நட்டமாகத் தெரியும். பயன் தந்திருக்கக்கூடிய திட்டத்துக்குக் கொடாத பணமோ கணக்கேட்டிற் சேமிப்பாகத் தோன்றும். கணக்கேட்டின் இப்பிழையே குழுக்களை அச்சமுள்ளனவாக்குகின்றது.

மாற்று வழிகள்

இக்குறை நீக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. முதலாவது, திட்டத்துக்கன்றி ஆளுக்குப் பொருளளித்தல். அமெரிக்காவிலுள்ள ஹவாட் ஹியூஸ் மருத்துவ நிறுவகம் ஆராய்ச்சியாளரைத் தெரிந்தெடுத்துப் பல ஆண்டுகளுக்கு உதவுகின்றது. இடையில் ஆராயும் வினாவை மாற்றவும் இடங்கொடுக்கின்றது. முதல் மதிப்பீட்டில் இளகிய கண்கொண்டு நோக்குகின்றது. 2011 இல் அசூலே, கிராவ் சிவின், மன்சோ என்னும் பொருளியலறிஞர் மூவர், இவ்வுதவி பெற்றோரைத் தகுதியால் அவரையொத்த, ஆயின் அரச மானியம் பெற்ற, பிறரோடு ஒப்பிட்டனர். முன்னவர் பெரிதும் போற்றப்பட்ட கட்டுரைகளை மிகுதியாக வெளியிட்டிருந்தனர். எவராலும் கவனிக்கப்படாத கட்டுரைகளையும் மிகுதியாக வெளியிட்டிருந்தனர். தோல்வி பெருகியவிடத்தே வெற்றியும் பெருகிற்று என்பது இவ்வொப்பீடு தரும் பாடம்.

இரண்டாவது, திருவுளச் சீட்டு. நியூசிலாந்துச் சுகாதார ஆராய்ச்சிச் சபை 2013 முதல் ஒரு வகை மானியத்துக்கு, தகுதியற்றவற்றை வல்லுநரைக் கொண்டு நீக்கியபின், எஞ்சியவற்றுள்ளே சீட்டுக் குலுக்கித் தெரிகின்றது. இது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயின் மிக நல்லவற்றுள் எது மிக மிக நல்லது என்று முற்கூட்டி அறியும் ஆற்றல் எந்தக் குழுவுக்கும் இல்லை என்பதனை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே இதன் சிறப்பு.

முடிவுரை

மேற்கண்ட வரலாறுகளைத் தொகுத்து நோக்குமிடத்து எந்தவொரு முறையும் தனித்துச் சிறந்ததாகத் தோன்றவில்லை. பரிசு, முடிவு தெளிவாக வரையறுக்கப்பட்டவிடத்துப் பயன்படும். ஆயின் முயல்வோனை நெடுங்காலம் பட்டினி போடும். குழு மதிப்பீடு அநீதியைக் குறைக்கும், துணிவையும் குறைக்கும். தனியார் நிறுவகம் விரைந்து துணியும். எனினும் அதனை நடத்துவோரின் நோக்கின் எல்லையே அதன் எல்லையாகும். ஹரிசனைத் தாங்கியவர் முதலில் ஒரு மணிக்கூட்டு வினைஞர். புளோரியைத் தாங்கியது கடலுக்கு அப்பாலுள்ள நிறுவகம். கரிக்கோவைத் தாங்கியவர் சக ஆராய்ச்சியாளர். ஒரு கதவு அடைபட்டபோது வேறொரு கதவு திறந்திருந்தமையாலேயே இவர் பிழைத்தனர். ஆதலின் கதவுகள் பலவாதலும், அளிக்கும் காலம் நீண்டதாதலும், நேர்மையான தோல்வியைக் குற்றமாக எண்ணாமையும் எந்நாட்டிலும் பொருளுதவி முறைக்கு இன்றியமையாதனவாம்.

திருக்குறளிலே தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துத் தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. முதலில் ஆளை ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்தபின் வினையை அவனிடம் விடுதல் வேண்டும். இவ்விரண்டனுள் முன்னையதை இக்காலத்துக் குழுக்கள் நன்கு பயின்றுள்ளன; பின்னையதைப் பயிலவேண்டியிருக்கின்றது. 1939 இல் 25 பவுண் எண்ணிக் கொடுத்த மெலன்பியே 1947 இற் பெறூற்சுக்குப் பிரிவொன்றை அமைத்துக் கொடுத்துப் பொறுத்திருந்தார் என்பதனை நோக்கின், இது கற்றுக்கொள்ள இயலாத பாடமன்று என்பது தெளிவாகும்.